பழைய சுருதி மென்பொருள், புதிய விண்டோஸ்: கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது எப்படி?

பாட்டு வகுப்பிலோ ஆய்வு வேலையிலோ பல வருடமாக ஒரே மென்பொருளில் சுருதிக் கோடு பார்த்துப் பழகியவருக்குக் கணினி மாறும் நாள் ஒரு சோதனைதான். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பெட்டி ஒருநாள் நின்றுவிடும். புது மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கும். பழைய சிடியைப் போட்டால் நிறுவி (இன்ஸ்டாலர்) திறக்காது. அதைத் திறக்க வைத்தால் மென்பொருள் வராது. அதுவும் வந்துவிட்டால் மைக்கில் சத்தம் ஏறாது. இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து "கம்பாட்டிபிலிட்டி மோடு போட்டுப் பாருங்கள்" என்று சொல்வதால்தான் பலரும் பாதியில் கைவிடுகிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் ஓடுகிறதா என்பது முதல் கேள்வி. ஓடினால் சரியாக அளக்கிறதா என்பது இரண்டாவது. கணக்கு வழக்கு மென்பொருளுக்கு முதல் கேள்வியோடு வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இசை ஆய்வில் அப்படி இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவரை நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் பாடியதாகக் காட்டுகிற கோளாறு ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

மென்பொருள் கேட்பது என்ன?

சுருதி ஆய்வு மென்பொருளின் உள்வேலை எளிமையானது. ஒலியை ஒரு நொடிக்கு இத்தனை எண்கள் என்று வாங்கிக்கொள்ளும் (சிடி தரத்தில் 44,100). அந்த எண்களைச் சிறு சிறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அதிர்வு எத்தனை ஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டுக் கோடாக வரையும். இந்தக் கணக்குக்கு வயதே ஆகாது. 1998இல் சரியாக இருந்த கணக்கு இன்றும் சரிதான்.

வயதாவது அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடு. நிறுவி, துணையாக வேண்டிய கோப்புகள், செட்டிங்கை எழுதி வைக்கும் இடம், ஒலிக் கோப்பைத் திறக்கும் வழி, மைக்கிலிருந்து ஒலி வாங்கும் வழி ஆகியவற்றுக்கெல்லாம் அது இயங்குதளத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே கோளாறு வந்தால் இவற்றில் எது உடைந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். செய்தால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாமல் போய்விடும்.

பிட் கணக்கு

விண்டோஸ் மென்பொருள்கள் 16 பிட், 32 பிட், 64 பிட் என மூன்று தலைமுறை (கணினி ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவுதான் இந்த எண்). 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும், 16 பிட் ஓடாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு தனியாகக் கிடைத்தது. அதில் 16 பிட் மென்பொருளையும் ஓட்ட முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. "திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி" என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் நீங்கள் சொடுக்கியது 16 பிட் கோப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் வந்த பல மென்பொருள்கள் தாங்கள் 32 பிட்டாக இருந்தும், நிறுவியை மட்டும் 16 பிட்டில் வைத்திருந்தன. நிறுவி திறக்கவில்லை என்பதற்காக மென்பொருளே ஓடாது என்று முடிவு கட்டக் கூடாது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், அதில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் மென்பொருளின் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துப் புதுக் கணினியில் ஒட்டிச் சொடுக்கிப் பாருங்கள். சிறிய ஆய்வு மென்பொருள்கள் பல இப்படியே திறந்துவிடும். பழைய கணினி இல்லையென்றால் செவன்-ஜிப் என்ற கோப்பு பிரிக்கும் மென்பொருளைக் கொண்டு நிறுவிக் கோப்பைப் பிரித்து உள்ளிருப்பதை எடுக்கலாம். எல்லா நிறுவிக்கும் இது நடக்காது, ஆனால் இரண்டு நிமிட வேலைதான்.

மென்பொருளே 16 பிட் என்றால் வழி வேறு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருளுக்கு, டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய சில டாஸ் மென்பொருள்கள் வேகமான கணினியில் "ரன்டைம் எர்ரர் 200" என்று சொல்லி நின்றுவிடும். தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளக்கிற ஒரு வகுத்தல் கணக்கில், வேகம் மிகுந்துபோய் விடை அதற்குரிய இடத்தில் அடங்காததுதான் காரணம். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் எண்ணைக் குறைத்தால் சரியாகிவிடும். விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருளுக்குக் கடைசியில் சொல்லப்போகும் மெய்நிகர் கணினிதான் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிம்மதியான வழி.

ஆப்பிள் கணினிக்காரர்களுக்கு எல்லைக்கோடு இன்னும் கடுமை. இன்டெல்லுக்கு முன் ஆப்பிள் பயன்படுத்திய பவர்பிசி சில்லுக்கான மென்பொருள்கள், 2011இல் வந்த லயன் இயங்குதளத்திலிருந்து ஓடாது. 32 பிட் மென்பொருள்கள் 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து ஓடாது. 2020 முதல் வந்த எம் வரிசைச் சில்லுகளில் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பி இருந்தாலும், அது 64 பிட் இன்டெல் மென்பொருளுக்கு மட்டும்தான். கேட்டலினாவுக்கு முந்தைய இயங்குதளம் உள்ள பழைய மேக் கைவசம் இருந்தால், அதைப் புதுப்பிக்காமல் அப்படியே விட்டுவைப்பது நல்லது.

நிறுவிய பின் வரும் பிழைச் செய்திகள்

நிறுவல் முடிந்து, மென்பொருளைத் திறக்கும்போது ஒரு டிஎல்எல் கோப்பைக் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) காணோம் என்று வந்தால் பயப்பட வேண்டாம். கோப்பின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும். எம்எஸ்விசிஆர் 100 என்றால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 துணைத் தொகுப்பு, 120 என்றால் 2013 தொகுப்பு. இவை மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலேயே இலவசம். கணினி 64 பிட் என்பதால் 64 பிட் தொகுப்பை நிறுவுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பழைய மென்பொருள் 32 பிட் என்றால் அதற்கு வேண்டியது எக்ஸ்86 என்று குறித்திருக்கும் தொகுப்பு. டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகத் தருகிற தளங்களின் பக்கம் போகவே வேண்டாம். வைரஸ் வருவதும் பொருந்தாத கோப்பு வருவதும் அங்கிருந்துதான்.

விஷுவல் பேசிக் 6இல் எழுதிய மென்பொருள் என்றால் ஓசிஎக்ஸ் என்று முடியும் கோப்பைக் கேட்கும். அந்தக் கோப்பு பழைய சிடியிலேயே இருக்கும். அதை விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்வாவ்64 என்ற உள்ஃபோல்டரில் ஒட்டி, அதே ஃபோல்டரில் உள்ள ரெக்சர்வர்32 கட்டளையால் பதிவு செய்ய வேண்டும். கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்க வேண்டும். பெயரில் 64 இருந்தாலும் அந்த ஃபோல்டர் 32 பிட் கோப்புகளுக்கானது. சிஸ்டம்32 என்ற ஃபோல்டர் 64 பிட்டுக்கானது. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் அனுபவசாலிகளும் இங்கே தடுமாறுவார்கள்.

டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் துணைத் தொகுப்பைக் கேட்டால் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பகுதியில் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5ஐத் தேர்வு செய்தால் போதும். ஏற்காடு போன்ற இடத்தில் சிக்னல் ஏறி இறங்கும் வீட்டில் வேலை செய்வதாக இருந்தால், இந்தத் தொகுப்புகளைச் சேலத்திலேயே பதிவிறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள்.

கம்பாட்டிபிலிட்டி மோடு எப்போது உதவும்? கோப்பின் மீது வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. இது மென்பொருளிடம் "நீ எக்ஸ்பியில்தான் இருக்கிறாய்" என்று சொல்லி, சில பழைய நடத்தைகளை அதற்காக நடித்துக் காட்டும். பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மறுக்கிற மென்பொருளுக்கு இது நல்ல மருந்து. 16 பிட்டை 32 ஆக்கவோ, இல்லாத கோப்பைக் கொண்டுவரவோ இதனால் முடியாது. அதே பக்கத்தில் உயர் டிபிஐ செட்டிங்கும் இருக்கும். ஸ்பெக்ட்ரோகிராமின் (அதிர்வுகளைக் காட்டும் ஒலிப்படம்) மெல்லிய கோடுகள் மங்கித் தெரிந்தால் "ஓவர்ரைடு" என்பதைத் தேர்ந்து அப்ளிகேஷன் என்று வையுங்கள். எழுத்து பொடியாகும், கோடு தெளிவாகும்.

செட்டிங் எங்கே போனது?

எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் தங்கள் செட்டிங் கோப்பைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும். 2007இல் விஸ்டா வந்தபோது சாதாரணப் பயனருக்கு அந்த இடம் பூட்டப்பட்டது. பழைய மென்பொருள் அழாமல் இருக்க, அது எழுதுவதை வர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்கு விண்டோஸ் திருப்பிவிடும். உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் அந்த ஃபோல்டர் இருக்கும். "சேவ் செய்தேன், ஃபோல்டரில் கோப்பு இல்லை" என்கிற புகாரில் பெரும்பகுதி இதுதான். மென்பொருளை ஒருமுறை சாதாரணமாகவும் மறுமுறை அட்மினிஸ்ட்ரேட்டராகவும் திறந்தால் இரண்டு இடத்தில் இரண்டு செட்டிங் உருவாகிக் குழப்பம் இரட்டிப்பாகும். இதற்கு ஒரே நல்ல தீர்வு: சி டிரைவின் வேரிலேயே இசை வேலைக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் நிறுவுவது.

செட்டிங் தொலைவதால் வரும் இன்னொரு சிக்கலை இயங்குதளக் கோளாறு என்றே பலர் நினைக்கிறார்கள். பேச்சொலி ஆய்வுக்காக ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் மென்பொருளை இசைக்கும் பயன்படுத்துவது வழக்கம். அதன் பழைய பதிப்புகளில் சுருதித் தேடல் எல்லை இயல்பாக 75 முதல் 500 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு அது போதும். நாதஸ்வரத்துக்கு எப்படிப் போதும்? இரண்டரைக் கட்டையில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 311 ஹெர்ட்ஸில் நின்றால் பஞ்சமம் ஏறக்குறைய 467. சதுச்ருதி தைவதம் 518ஐத் தாண்டும். மேல் ஷட்ஜம் 622. ஆகவே கோடு பஞ்சமம் வரை ஒழுங்காக ஏறி, தைவதத்தில் மறைந்துவிடும், அல்லது திடீரென ஒரு ஸ்தாயி கீழே குதிக்கும். பழைய கணினியில் இந்த எல்லையை யாரோ ஒருவர் எப்போதோ 1,500 என்று உயர்த்தி வைத்திருப்பார். புதுக் கணினியில் அது மறுபடியும் 500க்கு வந்திருக்கும். இயங்குதளம் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை.

கோப்பின் பெயரும் வடிவமும்

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டை அறியாத மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் கிடையாது. அதனால் "ஆடி18 தவில்" என்று பெயர் வைத்த கோப்பு அந்த மென்பொருளின் கண்ணில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். சொடுக்கினால் கோப்பே இல்லை என்று சொல்லும். கோப்பு மட்டுமல்ல, அது இருக்கும் ஃபோல்டரின் பெயரும், ஏன், விண்டோஸில் உங்கள் பயனர் பெயரும் தமிழில் இருந்தால் இதே கதிதான். ஆய்வுக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், குட்டையான பெயர் வையுங்கள். தமிழில் முழு விவரத்தையும் ஒரு அட்டவணையில் தனியாக எழுதி வைக்கலாம்.

வடிவம் அடுத்த தடை. கைபேசியில் எடுத்த பதிவு பெரும்பாலும் எம்4ஏ. பழைய மென்பொருளுக்கு அது புரியாது. வேவ் கோப்பு என்றாலே திறந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இன்றைய பதிவுக் கருவிகள் 24 பிட்டிலோ 32 பிட் ஃப்ளோட்டிலோ எழுதும் (இங்கே பிட் என்பது ஒவ்வொரு ஒலி எண்ணையும் எழுதும் அளவு), தலைப்புப் பகுதியும் புதிய பாணியில் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் திறந்து, மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் பிசிஎம் வேவ் என்று ஏற்றுமதி செய்யுங்கள். பழைய மென்பொருளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இல்லை. மூலக் கோப்பை மட்டும் தொடாமல் வைத்திருங்கள்.

அளவையும் பார்க்க வேண்டும். இந்த வடிவத்தில் ஒரு நிமிட மோனோ ஏறக்குறைய 5.3 எம்பி, ஸ்டீரியோ 10.6 எம்பி. கோயிலில் மூன்று மணி நேரம் நடந்த மங்கள இசையை ஸ்டீரியோவில் எடுத்தால் 1.9 ஜிபி. 32 பிட் மென்பொருளுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நினைவக வெளி 2 ஜிபி. அதற்குள் கணக்குக்கான இடமும் வேண்டும். மென்பொருள் காரணம் சொல்லாமல் மூடிக்கொண்டால் கோப்பைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். ரேமைக் கூட்டுவதால் இங்கே பயனில்லை.

மைக்: தம்புராவைத் தின்னும் வசதி

நேரடியாகப் பாடிப் பார்க்கிற மென்பொருளில் முதல் அறிகுறி நேர்கோடு. பிழைச் செய்தி இல்லை, சத்தமும் இல்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் என்று போய், மேலே உள்ள பொது அனுமதியோடு, கீழே "டெஸ்க்டாப் ஆப்ஸ்" என்று தனியாக இருக்கும் அனுமதியையும் திறந்து வையுங்கள். பழைய மென்பொருளுக்குப் பொருந்துவது அந்த இரண்டாவது அனுமதிதான். மேக்கில் 2018இல் வந்த மொஹாவே முதல் இதே கட்டுப்பாடு.

இரண்டு மைக் இருந்தால் பழைய மென்பொருள் பெரும்பாலும் இயல்பான மைக்கைத்தான் எடுக்கும். அதையும் திறக்கும் நேரத்தில் ஒருமுறைதான் பார்க்கும். மைக்கை மாற்றினால் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பழைய ஒலி வழியில் கருவியின் பெயர் 31 எழுத்தோடு வெட்டப்படும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு யுஎஸ்பி மைக்குகள் பட்டியலில் ஒன்றாகவே தெரியும். வேலை நேரத்தில் ஒன்றைக் கழற்றி வைப்பதே எளிது.

அனுமதி கொடுத்து ஒலி வந்த பிறகும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. புதுக் கணினிகள் மைக் ஒலியைக் "மேம்படுத்தி"த்தான் மென்பொருளிடம் கொடுக்கின்றன. இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலியளவைத் தானே ஏற்றி இறக்குவது எல்லாம் வீடியோ அழைப்புக்காகச் செய்தவை. மாறாமல் தொடர்ந்து வருகிற ஒலியை இரைச்சல் என்று கருதி அழிப்பதே இரைச்சல் நீக்கத்தின் வேலை. தம்புராவும் சுருதிப் பெட்டியும் நாதஸ்வரத்துக்குச் சுருதி தரும் ஒத்தும் தொடர்ந்து வருகிற ஒலிகள்தானே. சுருதிப் பெட்டியை மைக்கின் முன் வைத்தால் முதல் ஓரிரு நொடி கோடு அழகாக நிற்கும். பிறகு மெலிந்து, துண்டு துண்டாகி, காணாமல் போகும். கையைத் தட்டினால் மறுபடியும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். நீண்ட கார்வையில் பாடகரின் குரலும் இப்படியே நடுவில் அறுபடும். ஒலியளவைத் தானே சமப்படுத்துவதால் வல்லினம் மெல்லினம் எல்லாம் ஒரே உயரமாகிவிடும், தவிலின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள பலத்தின் வேறுபாடு அளவில் தெரியாது.

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்டு என்று போய் உங்கள் மைக்கின் பெயரைச் சொடுக்கி "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" என்பதை ஆஃப் செய்யுங்கள். அதோடு நிற்காதீர்கள். மடிக்கணினி நிறுவனம் தனியாக வைத்த ஒலிச் செயலி ஒன்று இருந்தால் அதிலும் இரைச்சல் நீக்கத்தை அணைக்க வேண்டும். அணைத்தீர்களா என்று பார்க்கச் சுருதிப் பெட்டியை ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒலியலை முழுவதும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள்.

440 சோதனை

இனி, அளவு சரியா என்ற கேள்வி. ஆடாசிட்டியில் ஜெனரேட், டோன் என்று போய் 440 ஹெர்ட்ஸ் சைன் அலை பத்து நொடிக்கு உருவாக்குங்கள். முன்னே சொன்ன வடிவத்தில் சேமித்துப் பழைய மென்பொருளில் திறந்து, சுருதி எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று இரண்டையும் படியுங்கள். பிறகு உங்கள் வழக்கமான பதிவுகள் 48,000 ஹெர்ட்ஸ் என்றால் அதிலும், ஸ்டீரியோ என்றால் அதிலும் இதே 440ஐ உருவாக்கித் திறந்து பாருங்கள்.

440ம் பத்து நொடியும் வந்தால் நிம்மதி. 404 ஹெர்ட்ஸும் 10.9 நொடியும் வந்தால், 48,000 வேகத்தில் எடுத்த கோப்பை மென்பொருள் 44,100 என்று எண்ணிப் படிக்கிறது. 479 ஹெர்ட்ஸும் 9.2 நொடியும் என்றால் அதற்கு நேர் எதிர். 220 ஹெர்ட்ஸும் 20 நொடியும் என்றால் ஸ்டீரியோ கோப்பை மோனோ என்று படிக்கிறது. வெறும் இரைச்சல் 15 நொடிக்கு வந்தால் 24 பிட் கோப்பை 16 பிட்டாகப் படிக்கிறது.

முதலில் சொன்ன 404தான் மிக மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தப்பும். 48,000க்கும் 44,100க்கும் உள்ள விகிதம் சுருதியில் ஏறக்குறைய 147 சென்ட், அதாவது ஒன்றரை ஸ்வரஸ்தானம். ஐந்து கட்டையில் 196 ஹெர்ட்ஸில் நிற்கும் ஷட்ஜம் 180 என்று தெரியும். எல்லா ஸ்வரமும் ஒரே விகிதத்தில் இறங்குவதால் ஷட்ஜத்துக்கும் மற்ற ஸ்வரங்களுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. ராகத்தின் வடிவம், கமகத்தின் வளைவு, காந்தாரத்தின் அசைவு எல்லாம் சரியாகவே இருக்கும். ஷட்ஜத்தை வைத்தே மற்றதை அளந்து பழகியவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் கட்டை தப்பு, காலப்பிரமாணமும் 8 சதவீதம் மெதுவாகிவிடும்.

ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுகள் போல, பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவுகளை ஆராய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இசைத்தட்டு சுற்றிய வேகத்திலேயே ஒரு ஐயம் இருக்கும். அதன் மேல் கணினியின் பிழையும் ஏறினால், எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. முதலில் 440 சோதனை, அப்புறம்தான் இசைத்தட்டு.

மைக் வழியையும் இப்படியே சோதியுங்கள். கைபேசியில் 440 ஒலியை வாசிக்கவிட்டு மைக்கில் வாங்குங்கள். எண் தப்பாக வந்தால், ஒலிக் கட்டுப்பாட்டின் ரெக்கார்டிங் பகுதியில் மைக்கின் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய் இயல்பு வடிவத்தை 44,100க்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து மறுபடியும் பாருங்கள்.

சொருகிகள்

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒலி ஆய்வு மென்பொருளான சோனிக் விஷுவலைசர் போன்றவற்றில் சுருதி கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது வாம்ப் என்ற சொருகிகள் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணை நிரல்கள், பிளக்இன்). மென்பொருள் திறந்து, பட்டியலில் சொருகி இல்லை என்றால் பெரும்பாலும் இடம் தவறு. 64 பிட் சொருகி புரோகிராம் ஃபைல்ஸுக்குள் "வாம்ப் பிளக்இன்ஸ்" ஃபோல்டரிலும், 32 பிட் சொருகி எக்ஸ்86 என்று அடைப்புக்குள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அதே பெயருள்ள ஃபோல்டரிலும் இருக்க வேண்டும். ஒரு சொருகி 32 பிட்டில் மட்டுமே கிடைத்தால் தாய் மென்பொருளின் 32 பிட் பதிப்பையும் பக்கத்தில் நிறுவிக்கொள்வது உறுதியான வழி. இரண்டும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கும்.

எதுவும் நடக்கவில்லை என்றால்

வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் விண்டோஸ் எக்ஸ்பியை ஒரு மெய்நிகர் கணினியாக நிறுவலாம். கணினியின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படைச் செட்டிங்) வர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும், எக்ஸ்பிக்கு உங்களிடம் உரிமம் இருக்க வேண்டும். 1 ஜிபி நினைவகமும் 10 ஜிபி இடமும் ஒதுக்கினால் தாராளம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, ஆகவே அதன் இணையத் தொடர்பைத் துண்டித்தே வையுங்கள்.

மெய்நிகர் கணினிக்குள் மைக்கில் பதிவு செய்யாதீர்கள். உள்ளே ஓடும் எக்ஸ்பியின் கடிகாரமும் வெளியே உள்ள ஒலியட்டையின் கடிகாரமும் ஒத்துப்போகாமல் இடையிடையே ஒலி சிதறும். காதுக்கு ஒரு சின்ன "டிக்" என்று கேட்பது கோட்டில் பொய்யான கமகமாக விழும். வெளியே புது விண்டோஸில் பதிவு செய்து, வேவ் கோப்பைப் பகிர்வு ஃபோல்டர் வழியாக உள்ளே கொடுத்து, ஆய்வை மட்டும் உள்ளே நடத்துங்கள். ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், பிறகு எது கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம்.

பழைய பெட்டியைக் கொடுக்கும் முன்

பிராட், சோனிக் விஷுவலைசர் போல இன்றும் புதுப்பிக்கப்படும் மென்பொருள் என்றால் பழைய பதிப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை. புதுப் பதிப்பை நிறுவி எல்லைகளை மட்டும் பழையபடி வைத்தால் போதும். கைவிடப்பட்ட மென்பொருள் என்றால் அவசர வேலை வேறு. அதன் சொந்த வடிவத்தில் கிடக்கும் ஆய்வுக் கோப்புகளை, பழைய கணினி ஓடும்போதே நேரம் ஒரு பத்தி, ஹெர்ட்ஸ் ஒரு பத்தி என்று உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். உரைக் கோப்பு எந்தக் காலத்திலும் திறக்கும். செட்டிங் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கணினி ஏற்கெனவே நின்றுபோயிருந்தால் ஹார்ட் டிஸ்க் மட்டுமாவது பிழைத்திருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்பி காலத்து டிஸ்க் பலவற்றில் அகலமான ஐடிஇ இணைப்பு இருக்கும். அதை யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டரில் தனி மின்சாரச் செருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரம் போதாது. மலைமேல் ஈரத்தில் கிடந்த பெட்டி என்றால் டிஸ்க்கைக் கழற்றிச் சில நாள் உலர்ந்த இடத்தில் வைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். முதல் தடவை இணைந்ததும் ஆய்வுக் கோப்புகளை எடுங்கள், அடுத்து மென்பொருள் ஃபோல்டரை முழுதாக எடுங்கள், பாட்டுக் கோப்புகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். பாட்டு வேறு யாரிடமாவது பிரதியாக இருக்கக்கூடும், உங்கள் ஆய்வுக் குறிப்பு அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும்.